உடலுக்குள் எரியும் அடுப்பு
(ஜவ்வாது மலையில் பேசியதன் சுருக்கம்)



விறகுச் சுமையோடு இம்மலை மேடேறும் பெண்ணுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? சாமி கொடுத்தது என்பார் ஒருவர். தலையெழுத்து என்பார் மற்றொருவர். காலையில் அவள் தின்ற சாமைச் சோறு கொடுத்தது என்கிறேன் நான். நான் சொல்வதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கேட்டு, யோசித்து, சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்.

சாமையிலுள்ள மாவுப்பொருள் குடலில் செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகிறது. இரத்தம் அதை உயிரணுக்களுக்குக் கொண்டுபோகிறது. அங்கே ஒரு குளுக்கோஸ், பைருவிக் அமிலம் என்னும் இரண்டு துண்டுகளாக உடைகிறது. இதற்குப் பிராணவாயு வேண்டியதில்லை, இலாபமும் சொற்பமே. பிறகு அத்துண்டுகள் உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் சிற்றறைகளில் புகுந்து, நாம் இழுத்த மூச்சிலுள்ள பிராணவாயுவின் உதவியால் முழுதும் எரிகின்றன. தீயுமில்லை, புகையுமில்லை, படிப்படியாக எரிகிறது. மிஞ்சுவது கரியமிலவாயுவும் தண்ணீரும்.

இதில் கிடைக்கும் சக்தி, ஏ.டி.பி. என்னும் பொருளில் சில்லறைக் காசுபோலச் சேர்கிறது. முதற்படியில் கிடைக்கும் இலாபம் 2 காசு. முழுதும் எரிந்தால் ஏறக்குறைய 30 காசு. 1929-ல் இப்பொருளை ஜெர்மனியில் லோமனும், அமெரிக்காவில் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் கண்டறிந்தார்கள். இந்தச் சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இவர்களில் யாரும் தவமிருந்து, வரம் பெற்று இதைக் கண்டுபிடிக்கவில்லை.

திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவர், ஆடி முடித்ததும் மூச்சு வாங்குவானேன்? சாமியே ஆடியிருந்தால் சாமிக்கல்லவா மூச்சு வாங்கவேண்டும்? தசைக்குப் பிராணவாயு போதாதபோது சர்க்கரை பாதிவழியில் நின்று லாக்டிக் அமிலமாகிறது. அந்தக் கடனை அடைக்கத்தான் அவர் மூச்சு வாங்குகிறார். ஆடியது அவர் தின்ற சோறு!

உயிருள்ள பொருளில் ஏதோ ஒரு தெய்வீக சக்தி இருந்து இவ்வளவும் செய்கிறதென்று படித்தவர்களும் ஒரு காலத்தில் நம்பினார்கள். 1897-ல் பூக்னர் என்ற ஜெர்மானியர் ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிரணு ஒன்றுமில்லாத சாற்றில் சர்க்கரையைப் போட்டார். கள் நுரைப்பதுபோல அது நுரைத்துச் சாராயமாயிற்று. உயிரில்லாத சாறே அந்த வேலையைச் செய்தபின் தெய்வீக சக்திக்கு அங்கே என்ன வேலை?

இன்னொன்று. இந்தச் சிற்றறைகளுக்குள் நடக்கும் எரிப்பின் ஒரு முக்கியச் சுற்றை 1937-ல் விளக்கியவர் கிரெப்ஸ். அவர் யூதராய்ப் பிறந்தார் என்பதற்காகவே 1933-ல் ஹிட்லர் ஆட்சி அவரை வேலையிலிருந்து நீக்கியது. இங்கிலாந்து போய் அங்கிருந்து இதைக் கண்டார். 1953-ல் நோபல் பரிசும் பெற்றார். பிறப்பைப் பார்த்து மனிதனைத் தள்ளுகிறவர்களுக்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? முகத்தில் பிறந்தவனென்றும் காலில் பிறந்தவனென்றும் கதை கட்டினார்களே, எவனுடைய உயிரணுவிலாவது சர்க்கரை வேறு விதமாக எரிகிறதா?

தோழர்களே! இது வெறும் படிப்பல்ல. நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறவருக்குச் சில வேளை இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துவிடும். மூளைக்கு முக்கிய எரிபொருள் குளுக்கோஸ்தான். அது போதாவிட்டால் வியர்த்து, நடுங்கி, பிதற்றி, மயங்கி விழுவார். அப்போது பேய் பிடித்ததென்று பூசாரியைத் தேடாதீர்கள். நினைவோடிருந்து விழுங்க முடிந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லையானால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வேப்பிலை அடிக்கிற நேரத்தில் ஓர் உயிர் போய்விடும்.

அன்றியும், மேட்டில் விறகு சுமக்கிறவள் எல்லோரும் தின்று மிஞ்சியதைத்தான் தின்னவேண்டுமென்பது எந்த நியாயம்? கல்லுக்குப் படைத்த சோறு ஒரு கவளமாவது குறைகிறதா? குறையாது, கல்லில் உயிரணு இல்லை. வேலை செய்கிற உடம்புக்குச் சோறு போடுங்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் போடுங்கள். விரதமென்று கர்ப்பிணிகளைப் பட்டினி போடாதீர்கள். இதைச் செய்தாலே நான் பேசியதற்குப் பலன் கண்டதாக எண்ணி, இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறேன்.