ஊரிலிருந்தே உத்தியோகம்
(பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மென்பொருள் வேலைக்குப் பட்டணம் போயே தீரவேண்டும் என்பதில்லை. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011-இல் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. 2020-இல் தொற்றுநோயால் நகர அலுவலகங்கள் மூடப்பட்டபோது, இவ்வேலை வீடுகளிலிருந்தே நடைபெற்றது. இன்று வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் ஊரிலிருந்தே பணியாற்றி நல்ல ஊதியம் பெறலாம்.

அதற்கு வழி என்ன? விதைநெல்லை முளைப்புப் பார்த்தே விதைக்கிறோம். அவ்வாறே, தொலைவிலுள்ள முதலாளி பட்டத்தை மட்டும் நம்பார். செய்த வேலையைப் பார்ப்பார். ஆகவே இளைஞர்கள் தாம் எழுதிய கணினி நிரல்களைக் கிட்ஹப் போன்ற பொதுத்தளத்தில் வைத்தல் வேண்டும். எவரும் திருத்தக்கூடிய திறந்த மூல நிரல்களில் பிழை நீக்கி அனுப்பிப் பழகுதல் வேண்டும். தெளிவான ஆங்கிலத்தில் எழுதும் பயிற்சியும் தேவை. நியூயார்க்கில் காலை 10 மணி நமக்கு இரவாகும். இரவு வேலைக்கு வீட்டார் ஒத்துழைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: வேலை தருவதாக முன்பணம் கேட்பவரை நம்பி நிலத்தை அடகு வைக்காதீர்கள். இணையத்தில் ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கது ஒன்று உண்டு. நூலகத்தில் ஓர் அறை, நம்பகமான மின்சாரம், இணைய இணைப்பு ஆகியவற்றிற்கு ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளைகள் பெற்றோருடன் வாழ்ந்தே பொருளீட்டுவார்கள்.