புள்ளி குறைந்தால் மனம் குறைய வேண்டாம்
(பரிசளிப்பு விழாவில் ஓர் ஆசிரியர் ஆற்றிய உரை)



இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளைக் கேட்டால், பலரும் "டாக்டராகப் போகிறேன்" என்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால், இங்கே படித்துச் சென்று, ஆறாம் படிவம் முடித்து, மருத்துவப் படிப்புக்குப் போதாத எஸ்.டி.பி.எம். முடிவோடு வீட்டில் முடங்கிக் கிடக்கும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இச்சில வார்த்தைகள்.

இரண்டு நாள் அழுங்கள், தப்பில்லை. மூன்றாம் நாள் முடிவுத் தாளை எடுத்து, இரசாயனமா, உயிரியலா, எந்தத் தவணையில் சறுக்கியது என்று பாருங்கள். 2012 முதல் எஸ்.டி.பி.எம். மூன்று தவணைகளாக நடக்கிறது. குறைந்த தாளை மீண்டும் எழுத வழி இருக்கிறது. பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதி, ஆசிரியரிடம் காட்டித் திருத்துங்கள். படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தால் மட்டும் போதாது.

பெற்றோர்களே, பால் குறைஞ்ச மரத்தை நாம உடனே சாய்ச்சிடறதில்லை. ஓய்வு கொடுத்து, மறுபடி சீவுறோம். பிள்ளைக்கும் அப்படித்தான். "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்று சொல்லாதீங்க. கல்யாண வீட்டில் புள்ளிக் கணக்குப் பேசாதீங்க. ஓர் ஆண்டு பொறுத்துக்குங்க.

மீண்டும் எழுதியும் கிடைக்காவிட்டால்? அந்தக் காலத்தில் தோட்டத்தில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர் டாக்டர் அல்ல, டிரெசர்தான். தாதிமை, மருந்தியல், ஆய்வுக்கூடம் என்று நோயாளிக்கு உதவப் பல கதவுகள் உண்டு.

சறுக்கிய பிள்ளைக்குக் கை கொடுப்பதும் பரிசளிப்புதான்.