பாதி வழியில் உட்கார்ந்தவன்

(தவக்காலம் இரண்டாம் ஞாயிறு – வானொலி மறையுரை)



லூக்கா தரும் இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு பேதுரு, யோவான், யாக்கோபு மூவரையும் கூட்டிக்கொண்டு இறைவேண்டல் செய்ய மலைமேல் ஏறுகிறார். எந்த மலை என்று நற்செய்தியாளர் சொல்லவில்லை. கலிலேயாவில் உள்ள தாபோர் மலைதான் அது என்பது பழைய மரபு. அதன் உயரம் 600 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. பெரம்பலூருக்கு மேற்கே நிற்கும் நம் பச்சைமலையில் அதைவிட உயரமான முகடுகள் இருக்கின்றன. பொங்கல் விடுமுறையில் அப்படி ஒரு முகட்டுக்கு நானும் ஏறினேன். அன்று நான் செய்த ஒரு தவறை உங்களிடம் சொல்ல வேண்டும்.

பங்கு இளையோர் இருபது பேர் வந்தார்கள். வனத்துறையிடம் சொல்லிவிட்டு, விடியற்காலைத் திருப்பலி முடிந்ததும் வேனில் கிளம்பி, லாடபுரம் பக்கம் இறங்கி நடந்தோம். மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. ஆரம்பத்தில் எல்லாருக்கும் உற்சாகம். பாதி வழியில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் உசில மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது. “நீங்க போங்க ஃபாதர், நான் இங்கயே இருக்கேன்” என்றான்.

அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை. வெயில் ஏறுவதற்குள் உச்சிக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. “ரெஸ்ட் எடு தம்பி, வந்துடறோம்” என்று சொல்லிவிட்டு நடந்தேன். கடைசியாக வந்த எங்கள் உபதேசியார், முழங்கால் வலிக்காரர், அவனோடு நின்றுகொண்டார்.

மேலே காற்று அருமையாக இருந்தது. கிழக்கே சோளக்காடும் பருத்திக்காடுமாகப் பெரம்பலூர்ச் சமவெளி விரிந்து கிடந்தது. பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னேன்: “இந்தச் சமவெளியில ஒரு காலத்துல கடல் இருந்துச்சு. கடல் உயிர்களோட ஓடுகள் படிஞ்சுதான் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் உண்டாச்சு. சாத்தனூர்ல கல்லாகிப் போன ஒரு மரம் இருக்கு. 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி வருசம் பழசு. 1940-ல கண்டுபிடிச்சாங்க.” பாட்டு, போட்டோ, சுண்டல். “அடுத்த வருசம் இங்கயே ஒரு திருப்பலி வைக்கலாம்” என்றுகூடத் திட்டம் போட்டேன். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

இறங்கி வந்தபோது மரத்தடியில் பையன் உபதேசியாரின் தோளில் சாய்ந்திருந்தான். நாங்கள் போன சிறிது நேரத்தில் அவனுக்கு இழுப்பு கண்டிருக்கிறது. இன்ஹேலர் வேனில் இருந்த பையில். அந்தப் பெரியவர், அந்த முழங்காலோடு, கீழே இறங்கி எடுத்துக்கொண்டு மறுபடி ஏறி வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “மேல நல்லாயிருந்துச்சா சாமி?” குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை.

அன்பார்ந்தவர்களே, இந்த நற்செய்தியை எத்தனையோ ஆண்டுகள் விளக்கியிருக்கிறேன். அன்றுதான் அதன் மறுபக்கம் எனக்குப் பட்டது. பேதுரு மூன்று கூடாரம் போடலாம் என்கிறார். தாம் சொல்வது இன்னதென்று அறியாமல் சொன்னார் என்கிறார் லூக்கா. மலைமேல் மோசேயும் எலியாவும் இயேசுவோடு பேசியதோ, எருசலேமில் நிகழவிருந்த அவருடைய இறப்பைப் பற்றி. ஒளியின் நடுவிலும் பேச்சு சிலுவையைப் பற்றித்தான். மறுநாள் அவர்கள் இறங்குகிறார்கள். கீழே ஒரு தகப்பன், தன் ஒரே மகன் வலிப்பில் துடிப்பதைச் சொல்லிக் கதறுகிறார். சீடர்களைக் கேட்டும் அவர்களால் முடியவில்லை. “இறங்குகிற நேரத்தில் இதென்ன தொந்தரவு” என்று இயேசு விலகிப் போகவில்லை. பையனைக் குணமாக்கித் தகப்பனிடம் ஒப்படைக்கிறார். நாம் ஞாயிறு வாசகத்தை மலையோடு முடித்துக்கொள்கிறோம். ஆண்டவரின் பயணம் அந்தத் தகப்பனிடம் போய்ச் சேருகிறது.

நம் பங்கிலும் பாதி வழியில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டு வர முடியாமல் தியானத்துக்கு வராத மருமகள். கோவில் படி ஏற முடியாத பாட்டி. கூலி போய்விடும் என்று திருயாத்திரைக்குப் பெயர் கொடுக்காத அண்ணன். “நீங்க போங்க” என்று அவர்கள் சொல்லும்போது, நமக்கும் உள்ளூர நிம்மதி வருகிறதா என்று இந்தத் தவக்காலத்தில் கேட்டுப் பார்ப்போம். வேளாங்கண்ணிக்கோ ஏலாக்குறிச்சிக்கோ போய் வந்தால், நம் வீட்டுக்குள் நுழையுமுன் வர முடியாத ஒருவர் வீட்டுப் படியை மிதிப்போம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கண்டதைச் சொல்வோம். நான் இனி இளையோரோடு மலைக்குப் போனால் கடைசி ஆளாகத்தான் நடப்பேன்.

அன்று மரத்தடியில் அந்தப் பையன் கேட்டான்: “மேல என்ன தெரிஞ்சுது ஃபாதர்?” பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அவன் வந்ததுலேர்ந்து மலையைப் பத்தியே பேசறான் சாமி. அங்கிருந்து பார்த்தா நம்ம காடெல்லாம் தெரியுதாமே?”

இறைவன் நம்மை மலைக்கு அழைத்துப் போகட்டும். இறங்கி வரவும் கற்றுத் தரட்டும். ஆமென்.