பிடியரிசியும் பெருங்கொடையும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் தம் வகுப்புத் தோழியர் சார்பில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு மேடையில் சாதனைகளைச் சொல்வது வழக்கம். நாங்கள் எங்கள் வகுப்பு செய்த ஒரு தவறைச் சொல்ல வந்திருக்கிறோம்.

படுக்கையில் கிடக்கும் நோயாளரை வீடு தேடிச் சென்று பராமரிக்கும் சிறு தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வான் வாங்கிக் கொடுத்தோம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இராப்போசன விருந்து வைத்துச் சேர்த்த பணம் அது. வானில் எங்கள் வகுப்பின் பெயரை எழுதி, திறப்பைக் கையளித்து, படமும் எடுத்தோம். கடமை முடிந்ததென்று நினைத்தோம்.

தாதியின் சம்பளமும் டீசல் செலவும் வெளிநாட்டு நிதியுதவி ஒன்றிலிருந்து வந்தன. அது மூன்று ஆண்டுத் திட்டம், பாதீடு ரூபாவில். 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல், 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாவாயிற்று. இரண்டு கிழமைக்குரிய காசு நாலு நாளுக்கும் காணவில்லை. பயிற்சிப் பட்டறைக்கென ஒதுக்கிய பணம் வங்கியில் இருந்தது. அதை எடுத்து டீசல் அடிக்க ஒப்பந்தத்தில் இடமில்லை. பிறகு திட்டமும் முடிந்தது. தாதி வேறு வேலை தேடிப் போனார். எங்கள் பெயர் எழுதிய வான் மாமரத்தின் கீழ் நின்றது.

எங்களில் வைத்தியத் தொழிலில் இருப்பவர்கள் அதன் விளைவைக் கண்டோம். வீட்டிலேயே மருந்து கட்டி ஆற்றியிருக்கக்கூடிய படுக்கைப் புண்கள், எலும்பு தெரியும் நிலையில் வைத்தியசாலைக்கு வந்தன.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அங்கே சம்பளம் கொடுக்க அரசாங்கம் இருக்கிறது. ஆகவே கட்டடம் கொடுத்தது பெரும் உதவியாயிற்று. ஊரிலுள்ள சிறு நிறுவனத்துக்கு அப்படி ஒருவரும் இல்லை. நிதியுதவி கொடுப்போரையும் நாங்கள் குறை சொல்லவில்லை. ஒன்றைத் தொடங்கிவைக்க அவர்கள் வேண்டும். தொடர்ந்து நடத்துவது எங்கள் பாடு.

இது எங்களுக்குப் புதிதல்ல. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறாகப் போட்டுவைத்து, அதைச் சேர்த்துக் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் நடத்தியவர்கள் எங்கள் பாட்டிமார். ஒரு பிடி சிறிது. ஆனால் நாள் தவறவில்லை.

இப்போது எங்கள் வகுப்பில் 32 பேர் மாதந்தோறும் வங்கி மூலம் ஒரு சிறு தொகை அனுப்புகிறோம். எதற்குச் செலவழிப்பதென்று நிறுவனமே முடிவு செய்கிறது. ஆண்டுக்கொருமுறை கணக்காய்வு செய்த கணக்கையும், தமிழில் ஒரு பக்க அறிக்கையையும் மட்டும் கேட்கிறோம். கணக்காய்வாளரின் கட்டணமும் நாங்கள் அனுப்பும் பணத்திலேயே அடங்கும். தாதி ஒருவர் மீண்டும் வந்துவிட்டார். வான் கிழமையில் மூன்று நாள் ஓடுகிறது. ஐந்து நாளாக்க இன்னும் சிலர் வேண்டும்.

உலகெங்கும் இருக்கும் பழைய மாணவிகளிடம் நாங்கள் கேட்பது இதுதான்: இந்த நூற்றாண்டில் எதையாவது கொடுக்குமுன், அடுத்த ஆண்டு அதை நடத்தப்போவது யார் என்று ஒருமுறை கேளுங்கள். விடை இல்லையென்றால், பெயர்ப்பலகையை விட்டுவிட்டு ஒரு பிடி அரிசியைத் தாருங்கள்.