பூங்குன்றனார் நெறியும் உயர்திணையும்

(வால்பாறையில் ஆற்றப்பெற்ற உரையின் சுருக்கம்)



கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாட்டை முழங்காத தமிழ்மேடை இல்லை. எல்லா ஊரையும் தம் ஊராகவும், எல்லா மாந்தரையும் தம் உறவாகவும் கண்ட பெரும்பாவலர் அவர். சிறியோர் என எவரையும் இகழ அவர் உடன்பட்டாரில்லை. ஆயின் அப்பாட்டு முழங்குதற்கு மட்டுமோ? ஒழுகுதற்கும் அன்றோ?

அந்நெறி தனியொருவர் கனவன்று. புறநானூற்றைத் தொகுத்தோர், முடிவேந்தன் நெடுஞ்செழியன் பாட்டொடு குறமகள் இளவெயினியின் பாட்டையும் வெண்ணிக் குயத்தியாரின் பாட்டையும் ஒரே தொகையில் வைத்தனர். பிறப்பும் பாலும் அங்குக் குறுக்கே நிற்கவில்லை.

தொல்காப்பியரோ கிளவியாக்க முதல் நூற்பாவிலேயே மாந்தர் அனைவரையும் உயர்திணை என்றார். குலம், நிறம், தொழில் பார்த்துத் திணை வகுத்தாரில்லை. நான்காம் நூற்பாவில், ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்களும் உயர்திணை முடிபே கொள்ளும் என்றார். 'வந்தாள்', 'வந்தார்' என்பதே மரபு. 'வந்தது' என்பது வழு.

இன்று தெருவில் நிகழ்வது என்ன? திருநங்கையை 'அது' என்று சுட்டி நகைப்பார் உளர். அங்கே அன்பும் இல்லை, இலக்கணமும் இல்லை. இம்மலையின் அடியிலுள்ள பொள்ளாச்சியிற் பிறந்த திருநங்கைப் பாவலர் கல்கி சுப்பிரமணியம், 'குறி அறுத்தேன்' என்னும் பாத்தொகை தந்துள்ளார். தமிழ் அவர்க்கு இடந்தந்தது, தமிழர் தரவேண்டாவோ? 2008இல் தமிழக அரசு திருநங்கையர்க்கென நலவாரியம் அமைத்தது. 2014இல் உச்ச முறைமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. 2018இல், அகவை வந்தோர்தம் ஒருபாற் காதல் குற்றமன்று என்றது. சட்டம் திருந்திற்று. இனித் திருந்த வேண்டியது நா.

இம்மலைத் தேயிலைத் தோட்டங்களைப் பாருங்கள். கீழ்நாட்டினின்று ஏறிவந்த தமிழர் உழைப்பால் விளைந்தவை இவை. கொளுந்து பறித்த கைகளுட் பெரும்பாலன பெண்டிர் கைகள். அவர்தம் பிள்ளைகள் வேறு பணி தேடி மலையிறங்க, இன்று அசாம், சார்க்கண்டு, ஒடிசா மாநிலத்தார் வந்து கொளுந்து பறிக்கின்றனர். அவர்களை 'வடக்கன்' என்று எள்ளுகின்றனர் சிலர்.

இந்தித் திணிப்பை எதிர்த்தல் தமிழர் கடன். அதில் அணுவளவும் தளர்வில்லை. ஆயின் திணிக்கும் கை தில்லியில் உள்ளது. கொளுந்து பறிக்கும் கையன்று அது. இவர்களுட் பலர்க்குத் தாய்மொழி சந்தாலியும் முண்டாரியும் போன்றவை. அவையும் இந்தியால் நெருக்குண்டவையே. இலங்கை மலையகத்தில் கொளுந்து பறித்த தமிழரின் குடியுரிமை 1948இல் பறிக்கப்பட்டபோது நெஞ்சு துடித்த இனம், அதே கூடையைச் சுமந்து வந்த பிறரை இகழலாமோ?

மாந்தரை 'அது' எனல் அவரை அஃறிணைக்குத் தள்ளுதல். தள்ளுவோன் முதலில் இழப்பது தன் உயர்திணையையே!

ஆகலின், நாளைக் காலை கூடையோடு எதிர்ப்படும் அயலாரை 'வாருங்கள்' என்க. திருநங்கையை 'அவர்' என்க. பூங்குன்றனார்க்கு எடுக்கத்தக்க விழா அதுவே.

வாழ்க தமிழ்! வெல்க மாந்த நிகர்மை!