அடுப்பங்கரை காத்த மொழி

(மகளிர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)

 

ஒரு மொழி எங்கே உயிர் வாழ்கிறது என வினவினால், ஏட்டில் என்பார் சிலர். ஆட்சி மன்றில் என்பார் சிலர். பள்ளியில் என்பார் சிலர். மூன்றும் வேண்டுவனவே. ஆயினும், மூன்றும் கைவிட்ட காலத்தும் ஒரு மொழி உயிர் தாங்கி நின்றதுண்டு. அது நின்ற இடம் ஒரு தாயின் அடுப்பங்கரை. அத் தாய் அயர்லாந்து நாட்டினர். பெயர் பெய்க்கு சேயர்சு.

அயர்லாந்தின் தென்மேற்குக் கோடியில், தன்குவின் என்னும் ஊரையடுத்த சிற்றூரில் 1873-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம், ஐரிசு மொழி பேசிய ஏழை உழவர்களையே பெருவாரியாக வாரிக்கொண்டு போயிருந்தது. எஞ்சியோர் கப்பலேறினர். நாட்டை ஆண்டதோ ஆங்கிலம். சிறுமி பெய்க்கு கற்ற பள்ளியிலும் ஆங்கிலமே பாடமொழி. ஆகவே, வாழ்நாள் முழுதும் தாம் பேசிய தாய்மொழியைத் தம் கையால் எழுத அவர் அறியார். இக்கொடுமையை நெஞ்சில் வையுங்கள். பின்னர் இதனை நினைக்க நேரும்.

பள்ளி கொடாததைத் தந்தையார் கொடுத்தார். அவர் கதை சொல்வதில் வல்லவர். மாலையில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து அவர் சொன்ன கதைகளை மகள் செவியால் உண்டு நெஞ்சிற் சேர்த்தார். வறுமையால் சிறு அகவையிலேயே திங்கிள் நகரில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணானார். அமெரிக்கா சென்ற தோழி கப்பற்கூலி அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். நேர்ந்த ஏதத்தால் அவளால் அனுப்ப இயலவில்லை. அக்கூலி வந்திருந்தால், ஐரிசு இலக்கியம் ஒரு பெருந்தாயை இழந்திருக்கும்!

1892-இல் பெரும் பிளாசுகெட்டுத் தீவின் மீனவர் பாத்திரிக்கு என்பாருக்கு அவர் மனைவியானார். கரையிலிருந்து கடல்கடந்து மூன்று கல் தொலைவு. மரமில்லை, கடையில்லை, கோயிலில்லை, மருத்துவரில்லை. புயல் அடித்தால் படகு இல்லை. அத்தீவில் பதினொரு மக்களைப் பெற்றார். அறுவரே பிழைத்து வளர்ந்தனர். அவருள்ளும் தோமாசு என்னும் மகன் விறகுக்குப் புதர்ச்செடி பறிக்கச் சென்று செங்குத்துப் பாறையினின்று வீழ்ந்து மாண்டான். பின்னர்க் கணவரும் மறைந்தார். மற்றப் பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராய் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். பெற்றவள் கரையில் நின்றாள்.

இத்துணைத் துயரும் அவர் வாயை அடைக்கவில்லை. பகலெல்லாம் வீட்டுவேலை, இரவில் அவர் வீடே தீவின் கல்விக்கழகம். பழமறவர் கதை, பேய்க்கதை, சமயக் கதை, நகைக்கதை என அவர் நாவில் ஊறாத கதையில்லை. ஐரிசு மொழி கற்கத் தீவுக்கு வந்த அறிஞர்கள் அவர்முன் மாணவராய் அமர்ந்தனர். அவருள் இலண்டனிலிருந்து வந்த இராபின் பிளவர் ஒருவர். நாட்டுப்புறவியல் ஆணையத்தைச் சேர்ந்த சோசவு ஓ தாலி என்பார் மெழுகுருளைக் கருவியொடு வந்து, அவர் சொல்லச் சொல்ல ஏறத்தாழ 350 கதைகளைப் பதிவு செய்தார். ஏட்டைப் புரட்டாமல், நினைவொன்றே துணையாக ஒரு தாய் சொன்னவை இவை!

எழுதத் தெரியாதவர் நூல் செய்த வரலாறும் உண்டு. அமெரிக்கா சென்று மீண்ட மகன் மீகால் ஒரு பாவலன். தாய் தம் வாழ்க்கையைச் சொன்னார், மகன் எழுதினான். தபுளின் நகரத்து ஆசிரியை மாயிரெ நீ கின்னேதெ அதனைச் செப்பஞ் செய்தார். 1936-இல் ‘பெய்க்கு’ என்னும் பெயரிலேயே நூல் வெளிவந்தது. பள்ளி பறித்த எழுத்தை மகன் கை தாய்க்கு மீட்டுத் தந்தது. தாய் மகனுக்குச் செய்ததும், மகன் தாய்க்குச் செய்ததும் மொழிக்கும் தொண்டாயின.

1942-இல் தீவை விட்டுப் பிறந்த ஊருக்கே திரும்பினார். கண்ணொளி மங்கியது, நாவொளி மங்கவில்லை. 1953-இல் தீவிலிருந்த எஞ்சிய குடிகளையும் அரசு கரைக்குக் கொணர்ந்தது. தீவு ஆளற்றுப் போயிற்று. 1958 திசம்பரில் அவர் மறைந்தார். தன்குவின் மண்ணில் துயில்கிறார்.

தோழர்களே! இங்கே கசப்பான உண்மையொன்றையும் மறைத்தலாகாது. விடுதலை பெற்ற அயர்லாந்து 1937-ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் ஐரிசையே முதல் ஆட்சிமொழியாக்கியது. பெய்க்கின் நூலையும் பல்லாண்டுகள் பள்ளியிற் பாடமாக வைத்தது. விளைவு என்ன? தேர்வுக்காக உருப்போட்ட மாணவர் பலர் அந்நூலை வெறுத்தனர். துயரமே பேசும் கிழவி என எள்ளினர். அடுப்பங்கரையில் அவர் சிரித்துச் சொன்ன நகைக்கதைகள் அவர்களுக்கு எட்டவேயில்லை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஐம்பது இலக்கத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் அந்நாட்டில், பள்ளிக்கு வெளியே நாள்தோறும் ஐரிசு பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேரே.

ஆட்சி மொழிக்கு அரியணை தரலாம். பள்ளி எழுத்துத் தரலாம். மொழிமேல் அன்பைத் தருவது தாய்மடியே. மடியில் கேளாத மொழி, மாணவனுக்குச் சுமையாகிறது. மடியில் கேட்ட மொழியோ சுவையாகிறது. இதுவே பெய்க்கின் வாழ்வும், அவர்க்குப்பின் நிகழ்ந்தவையும் நமக்குச் சொல்லும் பாடம்.

நம் வீடுகளிலும் பெய்க்குகள் உளர். தாலாட்டும், ஒப்பாரியும், விடுகதையும், பழமொழியும், நடவுப்பாட்டும் நெஞ்சிற் சுமந்த பாட்டிமார் திண்ணையில் இருக்கின்றனர். அவரைப் படியாதவர் எனத் தள்ளாதீர்! அவர் அருகே அமருங்கள், கேளுங்கள், அவர் சொல்லை அவர் சொன்னபடியே எழுதிவையுங்கள். தாய்மார்களே, இன்றிரவே உங்கள் குழந்தைக்கு ஒரு கதையை நல்ல தமிழில் சொல்லுங்கள். ஒரு தாய் சொல்லாது விடும் கதை அவளோடே புதைகிறது; சொல்லிய கதையோ பேரப்பிள்ளை நாவில் வாழ்கிறது.

தாய்மொழி காத்த தாய்மார் வாழ்க! தமிழ் வெல்க!