வக்கீல் ஒருவர், கட்சி இரண்டு
(புதியம்புத்தூரில் கூடிய நமது சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கட்டிட வழக்குகளில் நாம் வக்கீலை அமர்த்தும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன். நான் சட்டம் பயின்றவனல்லன். ஆயினும் என் குடும்பத்தில் நேர்ந்த ஒரு துன்பம் இவ்விஷயத்தைக் கற்கும்படி செய்தது.

நம்மூர் கரிசல் பூமி. மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, கைவிட்டு அளக்கும்படி வெடிக்கும் இயல்புடையது. ஆயத்த ஆடைத் தொழில் வளர வளர, வீட்டையடுத்துத் தையற்கூடங்களும் மாடிகளும் எழுகின்றன. ஒருவர் வானம் தோண்டினால் அடுத்தவர் சுவர் விரிகின்றது. பக்கத்து நிலம் தன் நிலத்தைத் தாங்கி நிற்கவேண்டும் என்பது இயற்கையான உரிமையென 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் கூறுகின்றது. ஆனால் அவ்வுரிமை நிலத்திற்கே. அதன்மேற் கட்டிய வீட்டிற்கும் அதே தாங்குதலைக் கோர, இருபது வருஷ காலம் தடையின்றி அனுபவித்திருத்தல் வேண்டும். ஆதலின் இத்தகைய வழக்குகள் எளிதானவையல்ல.

என் தமக்கையாரின் வீட்டுச் சுவர் இவ்வாறே விரிந்தது. அத்தான் காலஞ்சென்றிருந்தபடியால், அவர் நம்மவரேயான ஒரு வக்கீலிடம் சென்று பத்திரங்களைக் காட்டி, யாவற்றையும் ஒளியாது உரைத்தார். தம் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் பல மாதங்களாய் அச்சுவரின் அடியிலேயே ஊறிவந்ததையும் மறைக்கவில்லை. வக்கீல் கேட்டுக்கொண்டார், ஆலோசனைக்குப் பணமும் பெற்றார். பின்னர்த் தாமதம் பொறாமல் தமக்கையார் வேறொருவர் மூலம் வழக்குத் தொடுத்தபோது, எதிர்க்கட்சிக்காரர் சார்பில் நின்றவர் முன்னவரே! பதிலுரையின் முதற்பக்கத்திலேயே அக்குளியலறைத் தண்ணீர் இருந்தது.

தண்ணீர் ஊறியது உண்மைதானே, உண்மை வெளிப்பட்டால் தவறென்ன என்று சிலர் வினவினர். உண்மை வெளிப்படட்டும்; நீதிமன்றம் அனுப்பும் கமிஷனர் நேரிற் பார்த்து எழுதட்டும்; சாட்சி சொல்லட்டும். ஆனால் நம்பிச் சொன்னவரின் வார்த்தையைக் கேட்டவரே எடுத்து அவர்மீது எறிதல் நியாயமன்று. அவ்வாறு நேருமென்று அஞ்சினால், ஏழை எவரும் வக்கீலிடம் மெய் பேசார்; மெய் அறியாத வக்கீலால் எவருக்கும் பயனில்லை.

சட்டமும் இதையே சொல்கின்றது. ஒரு விஷயத்தில் ஒரு கட்சிக்கு ஆலோசனை கூறியவரோ, மனு எழுதியவரோ, அவருக்காக நடந்தவரோ, அவ்விஷயத்தில் எதிர்க்கட்சிக்கு ஆஜராகக் கூடாதென்பது இந்திய பார் கவுன்சிலின் 33ஆம் விதி. எதிர்க்கட்சியோடு தமக்குள்ள தொடர்பையும், வழக்கில் தமக்குள்ள பற்றையும் தொடக்கத்திலேயே கட்சிக்காரருக்குத் தெரிவிக்க வேண்டுமென்பது 14ஆம் விதி. கட்சிக்காரர் தொழில்முறையிற் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது; தொழிற்தொடர்பு முடிந்த பின்னும் இக்கடமை நீங்காது. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவாக நிலைத்திருக்கின்றது. சட்டவிரோதமான நோக்கத்திற்கென்று சொன்னதற்கு இக்காப்பு இல்லை.

இராஜஸ்தானத்து வக்கீல் ஒருவர் பற்றிய வழக்கில், ஒரு கட்சியால் அமர்த்தப்பட்டிருக்கையில் மறு கட்சியின் வழக்கை ஏற்பது தொழில் ஒழுக்கத்திற்கு ஒவ்வாதென உச்ச நீதிமன்றம் 1983இல் உரைத்தது. இங்கிலாந்தில் சொலிஸிட்டர்களுக்கும் இத்தகைய கட்டுப்பாடே.

இனி நாம் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, வக்கீலிடம் சென்றவுடன் கதையைத் தொடங்காதீர். எதிராளி, மேஸ்திரி, இஞ்சினீயர் ஆகியோரின் பெயரை முன்னர்ச் சொல்லி, “இவர்களுக்குத் தாங்கள் ஆஜராகியதுண்டா?” என்று கேளுங்கள். இரண்டாவது, மூலப் பத்திரத்தைக் கொடாமல் நகலைக் கொடுங்கள். கொடுத்த பணத்திற்கு ரசீது பெறுங்கள். என் தமக்கையாரைக் காத்தது அந்தச் சிறு ரசீதே. மூன்றாவது, கட்சி மாறியதை அறிந்தவுடன், ஒப்புதற் சீட்டுடன் கூடிய விரைவுத் தபாலில் ஆட்சேபத்தை எழுதுங்கள். விலகாவிடின் அதே நீதிமன்றத்தில் மனுச் செய்யுங்கள். நான்காவது, அதுவும் பயனற்றால், தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் முறையிடலாம். 1961ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டப்படி கண்டிக்கவும், தொழிலினின்று நிறுத்தி வைக்கவும், பெயரையே நீக்கவும் அதிகாரம் உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி அளிக்கும் 1987ஆம் வருஷத்துச் சட்டமும் இருக்கின்றது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எதிராளியின் கலியாண வீட்டில் வக்கீல் சாப்பிட்டார் என்பது குற்றமாகாது. எதிராளிக்கு வக்கீல் கிடைக்கலாகாதென்று ஊரிலுள்ள வக்கீல்கள் அனைவரிடமும் முன்கூட்டிச் சென்று கதை சொல்லி வைப்பதும் சூதேயாகும்.

நம் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். “வக்கீலும் நம்மவர், இரு கட்சியும் நம்மவர், ஒருவரே இருவருக்கும் எழுதட்டும்” என்னும் வழக்கம் நம்மிடையே உளது. சமாதானம் நிலைக்கும் வரை அது நன்றே. பிணக்கு எழுந்தபின் அது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பதாய் முடிகின்றது. ஆதலின், சங்கத்தின் முன் இரு கட்சிக்கும் உடன்படிக்கை எழுதிய வக்கீல், அதே விஷயம் நீதிமன்றம் சென்றால் எவருக்கும் ஆஜராகார் என்பதை அவ்வுடன்படிக்கையிலேயே எழுதிவிடுவோமாக.

என் தமக்கையார் முதலில் ஆட்சேபிக்கத் தயங்கினார். “நம்மவரை எப்படி எதிர்ப்பது, தம்பி?” என்றார். அத்தயக்கத்தில் நான்கு மாதங்கள் கழிந்தன. ஐப்பசி மழையில் ஓர் அறை விழுந்தது. நல்வேளையாக அதில் எவரும் படுத்திருக்கவில்லை. பின்பு ரசீதுடன் மனுச் செய்யவே, அவ்வக்கீல் தாமே விலகினார். கமிஷனர் வந்து பார்த்து, தோண்டியதும் காரணம், தண்ணீரும் காரணம் என்று எழுதினார். இறுதியில் லோக் அதாலத்தில் இருவரும் இணங்கினர்: அண்டை வீட்டார் சுவரைக் கட்டித் தருவது, தமக்கையார் தண்ணீர் போக்கை மாற்றுவது. இன்று இரு வீட்டாரும் பேசிக்கொள்கின்றனர். அவ்வக்கீலின் பெயரை நான் எங்கும் கூறியதில்லை, இங்கும் கூறேன்.

நம்மவர் என்பதற்காக ஒருவரிடம் செல்வது தவறன்று. நம்மவர் என்பதற்காகக் கேட்க வேண்டியதைக் கேளாதிருப்பதே தவறு.